பாரமான சொல்

"மனசு சரியில்லை" என்பதற்கு இங்கிலீசில் என்ன என்று இரத்தினவேல் மாஸ்டரிடம் கேட்டால் அவர் உடனே பதில் சொல்லமாட்டார். "ஆரிட்டைச் சொல்லப்போறீர்?" என்று முதலில் திருப்பிக் கேட்பார். வேலைக்குப் போகாததற்கு மனேஜரிடம் சொல்வதென்றால் அப்செற் போதும். குடும்ப டொக்டரிடம் என்றால் டிஸ்ரெஸ்ட். அகதி வழக்கு விசாரணை என்று சொல்லிவிட்டால் மனுசன் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார். அங்கே டிஸ்ரோட் என்று தொடங்கவேண்டும். அதுவும் காணாது என்று தோன்றினால் டிஸ்ரேர்ப்ட், புத்தியே குழம்பிப்போனவர் என்கிற அளவுக்கு; அதற்கு முன்னால் ஒரு சிவியர்லி. நகைக்கடைக்காரர் தராசுக்கு முன்னால் இருப்பதுபோல அப்போது அவர் முகம் இருக்கும்.

வடமராட்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருபது வருடத்துக்குக் கிட்ட இங்கிலீசு படிப்பித்தவர். எண்பத்தெட்டில் மனைவி சந்திரவதனாவோடு ரொறன்ரோ வந்து இறங்கினார். இங்கிலீசு தெரியாத சனமெல்லாம் கனடாவில் பிழைக்கிறது, எனக்கென்ன குறை என்று விமானத்தில் அவர் நினைத்தது உண்மை. மிசிசாகாவில் ஒரு சாமான் களஞ்சியத்தில் பெட்டி அடுக்கும் வேலை கிடைத்தது. அங்கே இருந்த சூப்பர்வைசர் பெடியன் மாஸ்டர் சொன்ன முதல் வசனத்தை மூன்று தரம் திருப்பிக் கேட்டுவிட்டு, கடைசியில் கையால் சைகை காட்டச் சொன்னான். பரிசளிப்பு விழாக்களில் ஆங்கிலத்தில் நன்றியுரை சொல்லிக் கைதட்டு வாங்கிய மனுசன் பெட்டிகளுக்கு நடுவில் நின்று கையால் சைகை காட்டினார். அந்த அவமானம் அவருக்குக் கடைசிவரை ஆறவில்லை.

அதிலிருந்து அவரைத் தூக்கிவிட்டவன் ஸ்ரீதரன். அவன் ஊரில் அவரிடம் படித்தவன். இங்கே ஒரு வெள்ளைக்கார வக்கீலுக்கு அகதி வழக்குகளைப் பிடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். சனம் தமிழில் சொல்வதைக் கேட்டு இங்கிலீசில் சொல்ல ஒரு ஆள் வேண்டும் என்று வந்து நின்றான். மாஸ்டர் களஞ்சிய வேலையை இரவு நேரத்துக்கு மாற்றிக்கொண்டு, பகலில் கழுத்துப்பட்டி கட்டிப் போகத் தொடங்கினார்.

போன இடத்தில் அவர் ஒன்றைக் கண்டுபிடித்தார். எங்கள் சனத்துக்குத் தங்கள் துன்பத்தைச் சொல்லத் தெரியாது. மகனைக் கண் முன்னால் சுட்டதைப் பார்த்த மனுசன், அதற்குப் பிறகு எப்படி இருக்கிறீர் என்று கேட்டால், "என்ன செய்யிறது, கொஞ்சம் யோசினைதான்" என்பார். முகாமில் அடி வாங்கிக் காது கேளாமல் போனவன், "முந்தியைப்போல இல்லை" என்பான். இதை அப்படியே இங்கிலீசில் போட்டால் விசாரிக்கிறவர் கொட்டாவி விடுவார். ஆகையால் மாஸ்டர் பாரம் ஏற்றினார். கொஞ்சம் யோசினை என்பது ஆழ்ந்த மனவேதனை ஆயிற்று. நித்திரை வராது என்றால் நிலைகுலைந்துபோனவர் ஆனார். இதைப் பொய் என்று சொல்லிவிட முடியாது. உள்ளே கிடந்தது அதுதான், வாய்தான் வரவில்லை என்று அவர் சொன்னால் நானும் தலையாட்டுவேன்.

வழக்குகள் வென்றன. "மாஸ்டர் இருந்தால் கேஸ் பாஸ்" என்ற பேச்சு ஸ்காபரோ முழுக்கப் பரவிற்று. கலியாண வீடுகளில் முன்வரிசையில் இடம் கிடைத்தது. ஆரம்பத்தில் ஆளைப் பார்த்து, அவர் சொல்லாமல் விட்டதை ஊகித்துச் சொல் தேடியவர், போகப்போக ஆளைப் பார்ப்பதை விட்டுவிட்டார். சொல் தானாக நாக்கில் வந்து நின்றது.

கோணேஸ்வரி அப்படித்தான் அவரிடம் வந்தவள். திருகோணமலைப் பக்கம். தொண்ணூறாம் ஆண்டு ஒரு சுற்றிவளைப்பில் புருசனைப் பிடித்துக்கொண்டு போனார்கள்; அதற்குப் பிறகு உயிரோடு இருக்கிறான் என்றோ இல்லை என்றோ ஒரு சிலமன் இல்லை. வயிற்றில் பிள்ளையோடு கொழும்பு வந்து, அங்கே பெற்று, கைக்குழந்தையோடு கனடா வந்தாள். மாஸ்டர் அவளுக்காகச் சொன்னதைக் கேட்டு விசாரணையில் இருந்த அம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள் என்று ஸ்ரீதரன் எல்லோருக்கும் சொல்லித் திரிந்தான். கோணேஸ்வரிக்கு ரெக்ஸ்டேலில் ஒரு மாடிக் கட்டடத்தில் வீடு கிடைத்தது. மகள் தனுசியாவும் அவளும்தான். சொந்தம் என்று ஒருவர் இல்லை. மாஸ்டரின் ரெலிபோன் இலக்கத்தைக் குளிர்ப்பெட்டிக் கதவில் ஒட்டி வைத்திருந்தாள்.

தொண்ணூற்று மூன்று ஐப்பசியில் செய்தி வந்தது. அவளுடைய ஊரிலிருந்து புதிதாக வந்த ஒருவர் ரெலிபோன் எடுத்து, உன்ரை மனுசனைப் பிடிச்ச கிழமையே சுட்டுப்போட்டாங்கள் பிள்ளை, நான் கண்டனான், இனியும் பாத்துக்கொண்டு இராதை என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். மூன்று வருடம் வெள்ளிக்கிழமைதோறும் நேர்த்தி வைத்தவள் அவள். பொட்டை அழித்தாள். தலையை விரித்துப்போட்டு நிலத்தில் இருந்து, மாரில் அடித்து, அவனுடைய பேரைச் சொல்லி ஒப்பாரி வைத்தாள். ஊரில் என்றால் பத்துப் பெண்கள் கட்டிப்பிடித்துக் கூட அழுதிருப்பார்கள். இங்கே சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் முதல்நாள் சுவரில் தட்டினார்கள், மறுநாள் பொலிசுக்கு அடித்தார்கள்.

பொலிஸ் வந்தது, கூடவே சிறுவர் பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து ஒரு பெண்ணும் வந்தாள். அவள் பார்த்தது இதுதான்: தாய் தலைவிரி கோலமாக நிலத்தில் கிடக்கிறாள், மார்பெல்லாம் கன்றிப்போய் இருக்கிறது, மூன்று வயதுப் பிள்ளை சுவரோரம் இருந்து ஒரு பெட்டிக்குள் கையை விட்டு உலர்ந்த சீரியலைத் தின்கிறது, அடுப்பில் ஒரு பானை இல்லை. சமைத்த சாப்பாடு என்று வீட்டில் எதுவுமே இல்லை. செத்தவீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள், அயலவர்தான் சோறு கொண்டுவந்து கொடுப்பார்கள் என்று அந்தப் பெண்ணுக்கு எப்படித் தெரியும்? அயல் ஒன்று இல்லாத இடத்தில் செத்தவீடு கொண்டாடினாள் கோணேஸ்வரி.

குளிர்ப்பெட்டிக் கதவைக் கை காட்டினாள். அவர்கள் மாஸ்டரை அழைத்தார்கள். அவர் கழுத்துப்பட்டியும் கட்டிக்கொண்டு காரில் வந்து சேர்ந்தார்.

"என்ன பிள்ளை, என்ன நடந்தது?"

"அவரைச் சுட்டுப்போட்டாங்களாம் மாஸ்டர். அப்பவே சுட்டுப்போட்டாங்களாம்."

மாஸ்டருக்கும் கண் கலங்கிற்று. அதை மறைக்கத் தேவையில்லை. அவர் கல்நெஞ்சுக்காரர் அல்ல. அலுவலகப் பெண் தன் கேள்வியைக் கேட்டாள். இவருடைய மனநிலை இப்போது எப்படி இருக்கிறது என்று கேளுங்கள் என்றாள்.

"மனசு சரியில்லை மாஸ்டர். அவரோடையே நானும் போயிருக்கலாம். பிள்ளை இருக்கிறபடியால் இருக்கிறன். இவளை வளர்க்கத்தானே வேணும்."

மாஸ்டர் திரும்பினார். அரசாங்கத்து ஆள் ஒருவர் கேள்வி கேட்கிறார், பக்கத்தில் எங்கள் பெண் ஒருத்தி அழுகிறாள். இந்த இடத்தில் என்ன செய்யவேண்டும் என்று அவருக்கு ஐந்து வருடப் பழக்கம் இருந்தது. பாரம் கூடினால் இரக்கம் கூடும், இரக்கம் கூடினால் உதவி கூடும். ஒத்தாசைக்கு ஒரு ஆளை அனுப்புவார்கள், அரசாங்கம் கொடுக்கும் படிக்காசைக் கூட்டுவார்கள் என்று மனதார நம்பினார். டிஸ்ரெஸ்ட் என்று தொடங்கினார், டிஸ்ரோட் என்று ஏறினார், சிவியர்லி டிஸ்ரேர்ப்ட் என்று நிறுத்தினார். வாழ விருப்பமில்லாமல் இருக்கிறாள் என்றார். அவள் சொன்ன பின்பாதி, பிள்ளைக்காக இருக்கிறேன் என்ற அந்தப் பாதி, முன்பாதிக்குச் சொல் தேடிய அவசரத்தில் அவர் வாயிலிருந்து வரவேயில்லை. அலுவலகப் பெண் ஒவ்வொரு சொல்லாக எழுதிக்கொண்டாள். அவள் எழுதுவதைக் கண்டு மாஸ்டருக்கு உற்சாகம் வந்து, இன்னும் இரண்டு சொல் சேர்த்துக் கொடுத்தார்.

"வடிவாச் சொல்லிவிட்டன் பிள்ளை. இனி அவை பாத்துக்கொள்ளுவினம்" என்றார் கோணேஸ்வரியிடம்.

அவர்கள் பார்த்துக்கொண்டார்கள். அன்று மாலையே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். தனுசியா லிப்ற் கதவு மூடும்வரைக்கும் அம்மா என்று கத்தினாள். கோணேஸ்வரியை இரண்டு பொலிசார் பிடித்து வைத்திருந்தார்கள்.  "இரண்டு மூண்டு நாளைக்குத்தான். நீர் ஒருக்கா ஆறவேணுமெல்லோ" என்று மாஸ்டர் அவளிடம் சொன்னார். அப்படி அவருக்கு யாரும் சொல்லவில்லை, அது அவருடைய சொந்தச் சரக்கு.

வீட்டில் சந்திரவதனா முழுக்கதையையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"செத்தவீட்டிலை உலை வைக்கிறேல்லை எண்டு அந்தப் பெட்டைக்குச் சொன்னனீங்களோ?"

"உதையெல்லாம் வெள்ளைக்காரருக்கு விளங்கப்படுத்தப்போனால் எங்களைக் காட்டுச்சனம் எண்டு நினைப்பினம்."

"இப்ப என்ன நினைச்சிருக்கினம்?"

மாஸ்டர் வேலைக்கு வெளிக்கிட்டார். மறுநாள் சந்திரவதனா சோறும் கறியும் கட்டிக்கொண்டு இரண்டு பஸ் மாறி ரெக்ஸ்டேலுக்குத் தனியாகப் போனாள். ஒரு நாள் பிந்திப் போகிறேனே என்று பஸ்ஸில் இருந்து அழுதாளாம்.

இரண்டு மூன்று நாள் என்பது மாதங்களாயிற்று. பிள்ளையை நகரத்துக்கு வெளியே, வடக்குப் பக்கம், பிள்ளை இல்லாத ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்தில் விட்டிருந்தார்கள். நல்ல சனம்தான் என்று சொல்லக் கேள்வி. கோணேஸ்வரிக்கு மனநோய் டொக்டர், குளிசை. குளிசை போட்டால் தலை தொங்கும். தலை தொங்கினால் பார், இன்னும் சரிவரவில்லை என்பார்கள். மாதத்துக்கு ஒருமுறை அலுவலக அறையில் வைத்துப் பிள்ளையைக் காட்டினார்கள். மூன்றாம் முறை பிள்ளையை விட்டுப் பிரியும்போது அவள் மடியோடு அணைத்துக் கத்தி அழுதுவிட்டாள். எந்தத் தாய் அழமாட்டாள்? ஆனால் அவர்களிடம் அதற்கு ஏற்கெனவே ஒரு சொல் இருந்தது, மாஸ்டர் கொடுத்த சொல். இது பிள்ளைக்குக் கூடாது என்று சந்திப்பையே நிறுத்திவிட்டார்கள்.

அடுத்த வருடம் அலுவலகத்தில் ஆள் மாறிற்று. புதிதாக வந்தவள் இளம்பெண், கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கத் தெரிந்தவள். அவள் கோணேஸ்வரியை இரண்டு மாதம் தொடர்ந்து வீட்டில் போய்ப் பார்த்தாள். பிறகு மாஸ்டருக்கு ரெலிபோன் எடுத்து, நீங்களும் கோணேஸ்வரியும் ஒருக்கா வாருங்கள், முதல் நாள் சொன்னதைப் பற்றிக் கொஞ்சம் பேசவேண்டும் என்றாள்.

மாஸ்டர் ரெலிபோனை வைத்துவிட்டு நேரே ஸ்ரீதரனிடம் போனார்.

"மாஸ்டர், அங்கை போய் ஒரு சொல்லைப் பிழையாச் சொல்லிப்போட்டன் எண்டு சொன்னீங்களெண்டால், நாளைக்கு மற்றச் சொல்லெல்லாத்தையும் தோண்டுவாங்கள்" என்றான் ஸ்ரீதரன். "எத்தினை கேஸ் நீங்கள் பேசினது. கோணேஸ்வரியின்ரை கேஸும் அதுக்கைதான் கிடக்கு. அவளையே திருப்பி அனுப்பினால்?"

இதைக் கேட்டதும் மாஸ்டருக்கு ஒரு நிம்மதி வந்தது. அவளுடைய நன்மைக்காகத்தான் வாயை மூடவேண்டியிருக்கிறது என்று ஒரு காரணம் கைக்குக் கிடைத்துவிட்டதே. அன்று இரவு சந்திரவதனாவிடம் அதைச் சொல்லிப் பார்த்தார்.

"போய் உண்மையைச் சொல்லுங்கோ. பெத்தவளுக்குப் பிள்ளையைக் குடுக்கட்டும். மற்றதுகளைப் பிறகு பாப்பம்" என்றாள் அவள். "நீங்கள் சொல்லாட்டில் நான் இனி உங்களோடை ஒரு சபைக்கும் வரமாட்டன்."

அந்தச் சிறிய அறையில் மூன்று கதிரைகள். கோணேஸ்வரி வெளுத்த சேலையைத் தோளைச் சுற்றி இழுத்து மூடிக்கொண்டு மாஸ்டருக்குப் பக்கத்தில் இருந்தாள். இளம்பெண் சுற்றி வளைக்கவில்லை. முதல் அறிக்கையில் இருக்கிற பெண்ணை நான் இவரிடம் காணவில்லை என்று இங்கிலீசில் சொன்னாள். புருசனை இழந்து துக்கத்தில் இருக்கும் ஒரு தாயைத்தான் காண்கிறேன். அன்றைக்கு இவர் சொன்னதைவிடக் கொஞ்சம் கூடுதலான சொற்களை நீங்கள் பாவித்திருக்கக்கூடுமா? அப்படி நடப்பது வழக்கம்தான், யாரையும் குறைசொல்வதற்காகக் கேட்கவில்லை.

அவருக்காக ஒரு கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்பதுபோல இருந்தது அந்தப் பெண்ணின் கேள்வி. ஓம், கூட்டித்தான் சொல்லிவிட்டேன் என்ற ஒரு வசனம் போதும். கோணேஸ்வரி மாஸ்டரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாஸ்டருக்கு ஸ்ரீதரன் ஞாபகம் வந்தான், கலியாண வீட்டு முன்வரிசை ஞாபகம் வந்தது. அதெல்லாவற்றையும்விட, தனக்கு மகளாக இருக்கக்கூடிய வயதுப் பெண் ஒருத்தி தன் இங்கிலீசைத் திருத்துகிறாள் என்பது அவருக்குச் சுட்டது. களஞ்சியத்தில் கையால் சைகை காட்டிய அதே சூடு.

"நான் இருபது வருடம் இந்த மொழியைப் படிப்பித்தவன். சொல்லின் பாரம் தெரியாமல் ஒரு சொல்லைச் சொல்லமாட்டேன்" என்றார் இங்கிலீசில்.

அதோடாவது நிறுத்தினாரா? இல்லை. அப்செற்றுக்கும் டிஸ்ரெஸ்ட்டுக்கும் என்ன வித்தியாசம், டிஸ்ரோட் எங்கே பொருந்தும், டிஸ்ரேர்ப்ட் என்பதை எந்த நிலையில் மட்டும் பாவிக்கலாம் என்று உதாரணங்களோடு ஒரு பாடமே நடத்தினார். குரல் கணீரென்று இருந்தது. பல வருடங்களுக்குப் பிறகு ஒரு வெள்ளைக்காரி அவருடைய இங்கிலீசை ஒரு தரம்கூடத் திருப்பிக் கேட்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு அவள் நன்றி சொல்லிப் பேனாவை மூடினாள். பிள்ளை இன்னும் ஆறு மாதம் அங்கேயே இருக்கட்டும் என்று முடிவாயிற்று.

காரில் வரும்போது கோணேஸ்வரி கேட்டாள்.

"எனக்காக எவ்வளவு நேரம் கதைச்சனீங்கள் மாஸ்டர். அந்தப் பிள்ளை வாய் திறக்கேல்லை. என்ன சொல்லினம்?"

"இன்னும் கொஞ்ச நாள் பொறுக்கட்டாம்."

"நீங்கள் இல்லாட்டில் எனக்கு ஆர் இருக்கினம்?" என்றாள் அவள். மாஸ்டர் காரின் முன்கண்ணாடியைத் துடைக்கும் தடியை ஓடவிட்டார். மழை இல்லை.

சந்திரவதனா சொன்னபடியே செய்தாள். கலியாண வீட்டு முன்வரிசையில் மாஸ்டருக்குப் பக்கத்துக் கதிரை அதற்குப் பிறகு வெறுமையாகத்தான் கிடந்தது. யாரும் கேட்டால் அவவுக்குத் தலையிடி என்பார்.

தொண்ணூற்றைந்து வைகாசியில், பிள்ளையைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன் ஒரு சந்திப்பு வைத்துப் பார்ப்போம் என்று அலுவலகத்தில் சொன்னார்கள். இது ஒழுங்காக நடந்தால் சனி ஞாயிறு வீட்டுக்கு அனுப்புவார்கள். நீண்ட மாதங்களுக்குப் பிறகு பிள்ளையைக் காணப்போகிறாள். அழவே கூடாது என்று சந்திரவதனா அவளுக்குப் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தாள். கோணேஸ்வரி விடியவே எழும்பி மகளுக்குப் பிடித்த சூசியம் சுட்டுக்கொண்டு வந்திருந்தாள்.

தனுசியா வளர்ந்திருந்தாள். தலைமயிரைக் கட்டையாக வெட்டி விட்டிருந்தார்கள். கதவடியில், தன்னை வளர்க்கிற வெள்ளைக்காரியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்த வெள்ளைக்காரி மெல்லக் கையை விடுவித்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

"தனு, அம்மாட்டை வா ராசாத்தி. சாப்பிட்டனியே? இஞ்சை பார், என்ன கொண்டந்திருக்கிறன்."

பிள்ளை அசையவில்லை. கோணேஸ்வரி இன்னொரு தரம் கூப்பிட்டாள். பிள்ளையின் கண்கள் அவள் வாயையும் சூசியப் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தன. ஒரு சொல்கூட அதற்கு விளங்கவில்லை என்பது முதலில் மாஸ்டருக்குத்தான் தெரிந்தது. கோணேஸ்வரிக்குத் தெரிய இன்னும் கொஞ்ச நேரம் பிடித்தது. தெரிந்ததும், அழமாட்டேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவள் சத்தமில்லாமல் அழத் தொடங்கினாள். மூலையில் இருந்த இளம்பெண், மொழிபெயர்த்துச் சொல்லுங்கள் என்று மாஸ்டருக்குத் தலையசைத்தாள். பெற்ற தாய்க்கும் பிள்ளைக்கும் நடுவில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு மாஸ்டர் இருந்தார்.

தனுசியா அவரைப் பார்த்துச் சுத்தமான இங்கிலீசில், மரியாதையாகச் சொன்னாள். அந்த லேடியை அழவேண்டாம் என்று சொல்லுங்கள், எனக்குப் பயமாயிருக்கிறது என்றாள்.

"என்ன மாஸ்டர் சொல்லுறாள்?"

 வாழ்க்கையில் அன்றுதான் மாஸ்டருக்குச் சொல் கிடைக்காமல் போயிற்று. கடைசியில் சொன்னார்.

"அம்மாவை அழவேண்டாமாம்."

கோணேஸ்வரி சேலைத் தலைப்பால் முகத்தை அவசரமாகத் துடைத்தாள். ஈரக் கண்ணோடு சிரித்தாள்.

"அம்மா எண்டே சொன்னவள் மாஸ்டர்?"

"ஓம்" என்றார் மாஸ்டர்.